ஒயர் கூடையில் ஒரு ரிவால்வர்

நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போன வாரம் நடந்த சண்டையை எல்லாரும் பாத்திருப்பீங்க. டல்லாஸ் பக்கத்துல காப்பெல்ல இருந்த வீட்டை விட்டுட்டு ஊருக்கு வெளிய பத்து ஏக்கர் வாங்கிப் போன நண்பர், "அக்கம்பக்கத்துல ஈ காக்கா இல்ல, கூப்பிட்டா போலீஸ் வர்றதுக்கே முக்கால் மணி நேரம் ஆகும்ங்கறாங்க, கன் ஒண்ணு வாங்கி வச்சுக்கலாமா?"ன்னு அப்பாவியா ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான், பத்திக்கிச்சு. ஒருத்தர் ஷாட்கன்தான் பெஸ்ட்டுங்கறார், ஒருத்தர் நாய் வளருங்கறார், ஒருத்தர் கேமரா லிங்க் அனுப்பறார், நடுவுல ஒரு மகராசி குட் மார்னிங் ரோஜாப்பூ போடறாங்க.

நான் ஒண்ணும் எழுதல. சொல்றதுக்கு இல்லாம இல்ல. நாமெல்லாம் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு வந்தாச்சு, போன்ல கட்டைவிரலால அடிச்சு மாளாது. அதான் லேப்டாப்பைத் திறந்து வச்சு உட்கார்ந்திருக்கேன்.

அந்தச் சண்டையை அம்மாவுக்குச் சத்தமா வாசிச்சுக் காமிச்சேன். சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாங்க. சிரிப்பாங்கன்னு பாத்தேன், சிரிக்கல. "வாங்கறவங்க வாங்கட்டும். பகல்ல அந்த வீட்ல தனியா யார் இருக்காங்கன்னு மட்டும் கேளு"ன்னாங்க.

"ஏம்மா, திருடன் பகல்ல வருவானா?"

"கேளுன்னா கேளு."

அந்தக் கேள்வி என்னை விடல. எங்க வீட்ல ஒரு துப்பாக்கி இருந்த காலத்துக்கு அது என்னை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. ஆமாம், எங்க வீட்லதான். தயிர்சாதம் சாப்பிடற வீடு, கரப்பான்பூச்சிய அடிக்கறதுக்கே ரெண்டு தடவை யோசிக்கற வீடு.

எனக்கு அப்ப பத்து வயசு. அம்மா டாக்டர். நியூ ஜெர்சியில ட்ரெய்னிங் முடிக்கற வரைக்கும் அவங்க அங்க, நானும் அப்பாவும் கோபிச்செட்டிபாளையத்துல. ட்ரெய்னிங் முடிஞ்சதும் ஒரு நிபந்தனை வந்தது. இந்த நாட்டுல தங்கணும்னா, வேற எந்த டாக்டரும் போகாத ஊருக்குப் போய் சில வருஷம் வேலை பாக்கணும். அம்மாவுக்குக் கிடைச்சது டெக்சாஸ்ல ஒரு மூலை. டல்லாஸ்லேர்ந்து மேற்க ஓட்டிக்கிட்டே போனா ரேடியோ ஸ்டேஷன் ஒவ்வொண்ணா செத்துக்கிட்டே வரும். கடைசி ஸ்டேஷனும் போனப்புறம் இன்னும் கொஞ்ச தூரம் போகணும், அதான் எங்க ஊர்.

அப்பா மின்சார வாரியத்துல இன்ஜினியர். லீவு எழுதிக் கொடுத்துட்டு என்னைக் கூட்டிக்கிட்டு வந்து சேர்ந்தார். அவரோட விசாவுல வேலை பாக்கக் கூடாது. டிபெண்டன்ட்டுன்னு பேரு. கோபியில அவர் ஜீப்புல வந்து இறங்கினா லைன்மேனுங்க அத்தனை பேரும் எழுந்து நிப்பாங்க. இங்க பால் வாங்கற செக்குல கூட அம்மாதான் கையெழுத்துப் போடணும்.

வீடு ஊரை விட்டு வெளிய, ஒரு சரளை ரோட்டுக் கடைசியில. மாடு வெளிய போகாம இருக்க ரோட்டுக்குக் குறுக்க ஒரு இரும்பு கேட். வண்டியை நிறுத்தி, இறங்கி, திறந்து, ஓட்டி, மறுபடி இறங்கி மூடணும். ஒரு தடவை போய் வர்றதுக்குள்ள இடுப்பு விட்டுப் போகும்.

நாங்க போய் இறங்கின வாரமே பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர், அங்க ரான்ச்சர்ம்பாங்க, வந்தார். பக்கம்னா, அவர் வீட்டு விளக்கு எங்க ஜன்னல்லேர்ந்து ஒரு புள்ளியாத் தெரியும், அவ்வளவு பக்கம். அவர் மனைவி கையில ஒரு பீச் பை, பீச் பழம் வச்சுச் சுட்ட பலகாரம், துணி போட்டு மூடினது. அவர் கையில இன்னொண்ணு, அதையும் ஒரு கிச்சன் துணியிலதான் சுத்தியிருந்தார். பையை மேஜையில வச்சாங்க. அதுக்குப் பக்கத்துலயே அவர் தன் கையில இருந்ததை வச்சுத் துணியைப் பிரிச்சார். ரிவால்வர். மரப்பிடி, பழசு, பிடியில கைபட்டுக் கைபட்டு வழவழன்னு ஆகியிருந்தது. தோட்டா ஒரு டப்பா.

"டாக்டர் அஞ்சாறு கிளினிக்குக்குத் தனியா ஓட்டிக்கிட்டுப் போறாங்க. வழியில ரேடியோவும் கிடையாது, ஃபோனும் கிடையாது. பாம்பு இருக்கு, வெறி பிடிச்ச கோயோட்டி நரி இருக்கு, சில சமயம் மனுஷனும் இருக்கான். ஊரை விட்டுப் போறப்போ திருப்பிக் கொடுங்க"ன்னார். சர்க்கரை கடன் கொடுக்கற மாதிரி சொன்னார். சட்டம் அதுக்கு என்ன சொல்லிச்சோ எனக்குத் தெரியாது. அந்த ஊர் போலீசுக்கே தலைவர், ஷெரிஃப், அவரே மறுநாள் கிளினிக்குல வந்து, "வச்சுக்கோங்க டாக்டர், அதான் நல்லது"ன்னுட்டுப் போனாராம்.

அவங்க போனதும் அம்மாவுக்கு வந்த முதல் கவலை என்ன தெரியுமா? பை வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாதே, என்ன போட்டுக் கொடுக்கறது? அப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். "பைக்குக் கேசரி போட்டுக் கொடுத்துடலாம். அதுக்கு என்னத்தப் போட்டுக் கொடுப்பே, டாக்டரம்மா?" அன்னிக்கு அப்பா சிரிச்ச சிரிப்பு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்புறம் ரொம்ப நாளைக்கு அது காணாமப் போயிடுச்சு.

ஆரம்பத்துல அப்பாவுக்கு அதுமேல ஒரே ஆர்வம். ஹிண்டு பேப்பர் பழசு ஒண்ணை விரிச்சு, தோட்டாவெல்லாம் தூரமா வச்சுட்டு, ரிவால்வரைத் திறந்து எனக்கு உள்ளே காமிச்சார். "இங்க பாரு அம்மிணி, இந்த சிலிண்டர் எப்படித் திரும்புது? இந்த ஒரே ஒரு பல்லு அதைத் தள்ளுது. யார் யோசிச்சானோ, கெட்டிக்காரன்." எங்க கொங்கு நாட்டுல பொண்ணுங்களை அம்மிணின்னுதான் கூப்பிடுவாங்க. மெஷின் ஆயில் வாசனை, பித்தளை வாசனை, அப்பாவோட குட்டிக்குரா பவுடர் வாசனை, மூணும் கலந்து இன்னும் என் மூக்குல இருக்கு. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் சலிக்காம பதில் சொன்னார். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டார், அவரும் அம்மாவும் இல்லாம நான் அதைத் தொடவே கூடாது. நானும் தொட்டதில்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை ரான்ச்சர் வேலி மேல பீன்ஸ் டப்பாவை வரிசையா நிக்க வச்சு அம்மாவைச் சுடச் சொன்னார். அம்மா புடவைத் தலைப்பை இடுப்புல சொருகிக்கிட்டு, கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, ஊசி போடற நிதானத்தோட சுட்டாங்க. டப்பா பறந்துச்சு. எனக்குப் பெருமைன்னா பெருமை, திங்கக்கிழமை ஸ்கூல் பஸ்ஸுல போய் அளந்து விட்டேன். ஒரு பய அசரல. அவனவன் வீட்டு பிக்கப்புலயும் பின் கண்ணாடியில ரைஃபிள் தொங்குது. "உங்கம்மா அதை எதுல வச்சிருக்காங்க?"ன்னு மட்டும் ஒருத்தி கேட்டா. நான் சொன்ன பதிலுக்குத்தான் எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க, ஏன்னா அம்மா அதை வச்சிருந்தது ஒயர் கூடையில.

கோபி சந்தையில வாங்கின பச்சையும் மஞ்சளுமான பிளாஸ்டிக் ஒயர் கூடை. அடியில கிச்சன் துணியில சுத்தின ரிவால்வர், அதுக்கு மேல டிபன் கேரியர், அதுக்கு மேல தண்ணி பாட்டில், ஓரமா ஸ்டெதஸ்கோப். கிளினிக் நர்ஸ் ஒரு தடவை ஊறுகாய் கேட்டு உள்ளே கையை விட்டுட்டு, வேற எதையோ பிடிச்சுட்டு, "டாக்டர், இது மாங்காய் இல்ல"ன்னாங்களாம். அம்மா இதைச் சொல்லிட்டு அப்பா முகத்தைப் பாத்தாங்க. அப்பா சிரிக்கல. காதுல விழுந்த மாதிரியே காட்டிக்கல.

அது செப்டம்பர் வாக்குல. அதுக்குள்ள அப்பா வேற ஆளா ஆயிட்டிருந்தார்.

எப்ப ஆரம்பிச்சுதுன்னு என்னால சொல்ல முடியல. டிரைவிங் டெஸ்ட்டுல ஃபெயிலாகி வந்த அன்னிக்கா இருக்கலாம். பழக்கதோஷத்துல ரோட்டுல இடது பக்கம் ஏறிட்டார், அதுக்கப்புறம் போகவே மாட்டேன்னுட்டார். முதல்ல ஷேவ் பண்றது நின்னுச்சு. அப்புறம் கேசட் போடறது. பவுடர் டப்பா மேல தூசி. நான் ஸ்கூலுக்குப் போறப்போ போர்ச்சுல நாற்காலியில உட்கார்ந்து ரோட்டைப் பாத்துக்கிட்டிருப்பார், திரும்பி வர்றப்போவும் அதே நாற்காலி, அதே ரோடு. மதியத்துக்கு அம்மா வச்சுட்டுப் போன சாதம் அப்படியே இருக்கும். என்ன கேட்டாலும் "ம்". டல்லாஸ்லேர்ந்து ஒரு ஆன்ட்டி ஃபோன் பண்ணினாங்க. "அண்ணா, குடுத்து வச்சவர் நீங்க! பொண்டாட்டி சம்பாதிக்கறாங்க, ஹாயா ரெஸ்ட் எடுக்கறீங்க!" ரிசீவரை எங்கிட்டக் கொடுத்துட்டு அப்பா வெளிய போயிட்டார்.

எனக்குப் பாம்பு பயம் இல்ல, கோயோட்டி பயம் இல்ல. என் ஒரே பயம், அப்பா இப்படியே போயிடுவாரோங்கறது. எப்படியாவது பழைய அப்பா திரும்பி வரணும்னு பிள்ளையாருக்குத் தினமும் மனு போட்டேன். கோபிக்குத் திரும்பிப் போயிடலாம்னு கூட அம்மாகிட்ட அழுதேன். அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாங்க. பாதியில விட்டுட்டுப் போனா அவங்க படிச்ச படிப்புக்கே அர்த்தமில்லாமப் போயிடும், அது எனக்கு அப்பப் புரியல.

பேச்சே இல்லாமப் போன அப்பா, ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விடல. காலையில அம்மா கிளம்பறப்போ வாசல்ல நின்னு கேப்பார்.

"எடுத்துக்கிட்டியா?"

அம்மா ஒயர் கூடையைத் தூக்கிக் காமிப்பாங்க. "எடுத்துக்கிட்டேனுங்க."

கார் கேட்டைத் தாண்டற வரைக்கும் நின்னு பாத்துட்டு, அப்புறம்தான் நாற்காலிக்குப் போவார். எனக்கு அது ஒரு பெரிய ஆறுதல். அம்மாவைப் பத்தி இவ்வளவு கவலைப்படறார்னா பழைய அப்பா உள்ளே எங்கேயோ இருக்கார்னு அர்த்தம், இல்லையா? அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

ஒரு நாள் அம்மா கூடையை மறந்துட்டாங்க. யாருக்கோ சீரியஸ்னு ஃபோன் வந்து, பையைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. அப்பா குளியலறையில இருந்தார். நான் போர்ச்சுல ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்கறேன். உள்ளேர்ந்து ஒரு சத்தம், சமையல் மேடை மேல கூடையைப் பாத்துட்டார் போல. அடுத்த நிமிஷம் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கூடையை மார்போட அணைச்சுக்கிட்டு, செருப்பு கூட இல்லாம என்னைத் தாண்டி ஓடறார். ரோட்டுல ஓடினா வளைவு, நேரா போனா சீக்கிரம்னு புல்லுக்குள்ள இறங்கிட்டார். அந்தப் புல்லு முழுக்க நெருஞ்சி. நம்ம ஊர் நெருஞ்சியேதான், இங்க ஆட்டுத்தலைன்னு பேர் வச்சிருக்காங்க. அம்மா கேட்டை மூடறதுக்கு இறங்கின நேரத்துல போய்ப் பிடிச்சுட்டார். தூரத்துலேர்ந்து பாத்தேன். கூடையை அம்மா கையில திணிச்சுட்டு, கேட்டைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு நின்னார். அம்மா அவர் முதுகுல கை வச்சாங்க.

சாயங்காலம் ஒரு ஊசியும் டெட்டாலும் வச்சுக்கிட்டு அப்பா பாதத்துலேர்ந்து முள்ளு எடுத்தேன். "வலிக்குதாப்பா?" "ம்." "ஒரு நாள் துப்பாக்கி இல்லாமப் போனா அம்மாவுக்கு என்ன ஆயிடும்?" அப்பா என் தலைமேல கையை வச்சு அப்படியே இருந்தார். 

அக்டோபர்ல ஆயுத பூஜை வந்தது.

மின்சார வாரியத்துல ஆயுத பூஜைன்னா சும்மா இல்ல, தெரியுமில்ல? டிரான்ஸ்ஃபார்மருக்கே குங்குமம் வச்சு, வாழைக்கன்னு கட்டி, பொரி கடலை பாக்கெட் பாக்கெட்டா கொடுப்பாங்க. அதுக்கெல்லாம் முன்ன நின்னவர் எங்கப்பா. நானே போய்க் கேட்டேன், "இந்த வருஷம் நாம பண்ண வேண்டாமாப்பா?" ரொம்ப நேரம் கழிச்சு, "பண்ணலாம்"னார். எனக்குத் துள்ளிக் குதிக்கணும் போல ஆயிடுச்சு.

பொரிக்குப் பதிலா காலையில பால்ல போட்டுச் சாப்பிடற அரிசி சீரியல். திருஷ்டிப் பூசணிக்கு, ஹாலோவீனுக்காகக் கடையில குவிச்சு வச்சிருந்த ஆரஞ்சுப் பூசணி. அப்பாவோட டெஸ்டர், கட்டிங் பிளேயர், அம்மாவோட ஸ்டெதஸ்கோப், பிபி மெஷின், என் கணக்குப் புத்தகம், மிக்ஸி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சோம். நான்தான் சும்மா இருக்காம, "ஆயுதம்னா அதுதானே நிஜ ஆயுதம்? அதையும் வைக்கலாம்"னேன். அம்மா முகம் ஒரு மாதிரி ஆச்சு. அப்பா, "அவ சொல்றதும் சரிதான்"னார், வேற பக்கம் பாத்துக்கிட்டு. அம்மா கூடையிலேர்ந்து எடுத்து, தோட்டாவையெல்லாம் கழட்டித் தன் ஹேண்ட்பேக்குல போட்டுக்கிட்டு, ரிவால்வரை மட்டும் வச்சாங்க. மரப்பிடியில மூணு பொட்டு வச்சேன். ரோட்டு கேட் பக்கம் போய் பூசணியை உடைச்சோம்.

பூஜையில வச்ச பொருளை மறுநாள் மறுபூஜை ஆகற வரைக்கும் எடுக்கக் கூடாது. இதுல எங்கம்மா ரொம்ப கறார். ஒரு வருஷம் கோபியில சாமி முன்னாடி வச்ச கத்திரிக்கோலை நான் எடுத்ததுக்கு வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு. அன்னிக்குப் படுக்கறப்போ, விளக்கு அணையாமப் பாத்துக்கணும்னு சொல்லி அம்மா பூஜை முன்னாடியே பாயைப் போட்டுக்கிட்டாங்க.

காலையில பாத்தா கொட்டோ கொட்டுன்னு மழை. எப்பவாவது பெய்யற ஊர்ல பெஞ்சா அப்படித்தான், ரோடெல்லாம் ஓடை, ஸ்கூல் லீவு. அம்மாவோட கார் போகாது. ஏதோ ரான்ச்சுல ஒருத்தரைக் குதிரை உதைச்சுட்டுதுன்னு ஷெரிஃப் ஆபீஸ்லேர்ந்து டெப்யூட்டி ஒருத்தர் பெரிய டிரக்குல வந்தார், அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு. தொப்பியைக் கழட்டிக்கிட்டே, "டாக்டர், யாரோ விஷமக்காரப் பசங்க உங்க கேட்டுல பம்ப்கினை உடைச்சு ரத்தம் மாதிரி எதையோ பூசியிருக்காங்க. ரிப்போர்ட் எழுதட்டுமா?"ன்னார்.

அப்பா வாய் ஓரம் லேசா துடிச்சது. நான் பாத்தேன், சத்தியமா பாத்தேன். சிரிக்கப் போறார்னு நினைச்சேன்.

அப்பத்தான் அம்மா பூஜைக்கிட்டப் போனாங்க. ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாங்க, சரி, உயிர் விஷயம். அடுத்துக் குனிஞ்சு ரிவால்வரை எடுத்தாங்க. சந்தனம் குங்குமத்தோட, மறுபூஜை ஆகாம.

"அம்மா! எடுக்கக் கூடாது!"ன்னு கத்திட்டேன்.

அப்பா மெதுவா கேட்டார். "இன்னிக்கு எதுக்கு அது? அவர் இடுப்புலயே ஒண்ணு இருக்கே. அவர்தானே கூட வர்றார்."

அம்மா ரிவால்வரைக் கையில வச்சுக்கிட்டே நின்னாங்க. அவங்க அழுது நான் பாத்ததே இல்ல, அன்னிக்கும் அழல, ஆனா உதட்டைக் கடிச்சுக்கிட்டிருந்தாங்க. அப்பா அவங்களைப் பாத்தார். பல மாசத்துல முதல் தடவையா ஒருத்தர் முகத்தை நேருக்கு நேரா பாத்தார். டெப்யூட்டி வாசல்ல தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னார், பாவம், அவருக்கு என்ன தெரியும்?

"ஏனுங்க," அம்மா சொன்னாங்க, "இது எனக்குத் துணையில்லீங்க. நீங்க வாங்க. எங்கூட வாங்க."

அப்பா சட்டையை மாட்டினார். ஷூ போட்டார், லேஸ் கட்டறதுக்குள்ள ரெண்டு தடவை விட்டுட்டார், நான் கட்டி விட்டேன். அம்மா ரிவால்வரைப் பூஜையில இருந்த இடத்துலயே திரும்ப வச்சுட்டு, கதவைப் பூட்டினாங்க. நாங்க மூணு பேரும் டெப்யூட்டியோட டிரக்குல ஏறினோம். பின் சீட்டுல கைதிங்க உட்கார்ற கம்பி வலைக்குப் பின்னாடி நானும் அப்பாவும். வழியெல்லாம் அந்த டெப்யூட்டி, அந்தப் பூசணி விஷயத்தை விடவே இல்ல. கடைசியில அப்பா கம்பி வலைக்குப் பின்னாடியிருந்து தொண்டையைச் செருமிக்கிட்டு, "சார், தட் வாஸ் மீ"ன்னார். டெப்யூட்டி பிரேக் போட்டுட்டார். அப்புறம் சிரிச்சார் பாருங்க, டிரக்கே குலுங்கிச்சு.

அன்னிலேர்ந்து துப்பாக்கி வீட்ல, அப்பா அம்மாகூட. சனிக்கிழமைகள்ல அந்த டெப்யூட்டியே பக்கத்துல உட்கார்ந்து அப்பாவுக்கு வலது பக்கம் ஓட்டக் கத்துக் கொடுத்தார். லைசென்ஸ் வந்ததும் அப்பா அம்மாவை ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஓட்டிக்கிட்டுப் போனார், வெயிட்டிங் ரூம்ல ரான்ச்சருங்களோட உட்கார்ந்து மழையைப் பத்தியும் மோட்டாரைப் பத்தியும் பேசினார். சட்டுன்னு சரியாயிடல. சில நாள் "ம்" திரும்ப வரும். ஆனா பவுடர் வாசனை வந்துடுச்சு, மெள்ள மெள்ள பேச்சும் வந்துடுச்சு. நான் ஸ்கூல்ல டீச்சர்கிட்ட, எங்கம்மாவுக்குத் துப்பாக்கி தேவையில்ல, எங்கப்பா அதைவிட டேஞ்சரஸ்னு சொல்லி வச்சேன். அவங்க என்ன நினைச்சாங்களோ.

ஊரை விட்டுக் கிளம்பறப்போ அதைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அதே கிச்சன் துணி, கூடவே ஒரு டப்பா ரவா லட்டு. ரான்ச்சர் துணியைப் பிரிச்சுட்டு, மரப்பிடியில ஊறிப் போயிருந்த சிவப்பைப் பாத்து, "இது ரத்தமா?"ன்னார். அப்பா ஆரம்பிச்சார் பாருங்க, ஆயுத பூஜை, மைசூர், மகிஷாசுரன், டிரான்ஸ்ஃபார்மர்னு. ரான்ச்சர் மனைவி ரெண்டு தடவை காபி ஊத்திட்டாங்க. எல்லாம் முடிஞ்சு ரான்ச்சர் அம்மாவைக் கேட்டார், "இது எப்பவாவது தேவைப்பட்டுச்சா, டாக்டர்?"

"இல்ல. என் ஹஸ்பெண்ட் கூட இருந்தார்"னாங்க அம்மா. அப்பா லட்டு டப்பாவைப் பாத்துக்கிட்டிருந்தார்.

இத்தனை வருஷமா எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். போன வாரம் வெங்காயம் உரிச்சு முடிச்சதும் அம்மாவை விடல. பகல்ல தனியா யார் இருக்காங்கன்னு ஏன் கேட்டீங்க, அன்னிக்கு ஏன் பூஜையிலேர்ந்து எடுத்தீங்கன்னு குடைஞ்சேன். அம்மா கையைக் கழுவித் துடைச்சுட்டுச் சொன்னாங்க.

"நான் ரோட்டுக்குப் பயந்தா அதைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்? உங்கப்பா இருந்த இருப்பு எனக்குத் தெரியாதா, நான் டாக்டர்தானே? நாள் பூரா அவர் தனியா, கூடவே அந்தத் துப்பாக்கியும் வீட்ல இருந்தா? அதான் கையோட எடுத்துட்டுப் போயிடுவேன்."

"திருப்பிக் கொடுத்திருக்கலாமேம்மா?"

"கொடுத்தா ஏன்னு கேப்பாங்க. சின்ன ஊரு, உங்கப்பா காதுக்கு வராதா? அதுவுமில்லாம ஊர்ல எல்லார் வீட்லயும் ஒண்ணு இருக்கு, அவர் கேட்டா யாரும் கொடுப்பாங்க. வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்னா, அந்த ஊருக்கே டாக்டர் நான் ஒருத்திதான். யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன், சொல்லு?" துண்டை மடிச்சு வச்சுட்டு, "பயந்து பயந்தே செத்தேன்"னாங்க.

ரோட்டுக்குப் பயந்தவங்கன்னு ஊரே நினைச்ச பொம்பளை. ஹாயா இருக்கார்னு எல்லாரும் பொறாமைப்பட்ட மனுஷன். நான் அம்மாவைக் கட்டிக்கிட்டு அழுதுட்டேன், இந்த வயசுல. இதைப் பத்தி அப்பாகிட்டப் பேசியிருக்கீங்களாம்மான்னு கேட்டேன். இது வரைக்கும் ஒரு வார்த்தை இல்லைன்னாங்க.

நண்பரே, நீங்க வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம். உங்க ஏக்கருக்கு எது சரின்னு எனக்குத் தெரியாது. ஆனா போன வருஷம் உங்களுக்கு லே-ஆஃப் ஆனப்போ நீங்க குரூப்ல ரெண்டு மாசம் பேசவே இல்ல, யாரும் ஏன்னு கேக்கல, நானும் கேக்கல. இப்ப கேக்கறேன். பகல்ல உங்க வீட்ல தனியா யார் இருக்காங்க?

அம்மா சொன்னதுக்கு மறுநாள் காலையில அப்பா பின்பக்கம் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருந்தார். பக்கத்துல போய் நின்னேன்.

"அப்பா, அந்த நெருஞ்சி முள்ளு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? நீதானே எடுத்து விட்டே."

"அம்மா ரோட்டுல தனியாப் போறாங்களேன்னுதானே அன்னிக்கு அப்படி ஓடினீங்க?"

அப்பா ஹோஸை மூடினார். என்னைப் பாத்தார், சமையலறை ஜன்னலைப் பாத்தார். "உங்கம்மா சொல்லிட்டாளா?"ன்னார். நான் தலையை ஆட்டினேன்.

"தினமும் எடுத்துக்கிட்டியா, எடுத்துக்கிட்டியான்னு அவளைக் கேட்டது யாரு, அம்மிணி? அன்னிக்கு அவ மறந்துட்டா. நீயும் பஸ் ஏறிப் போயிடுவே. அப்புறம் வீட்ல நானும் அதுவும்தான். அதான் ஓடினேன்."